யாழ்ப்பாணத்து வீட்டில் பூனை: சாப்பாடு வைக்கும் முறையும் பழக்கங்களைக் கையாளும் முறையும்

பூனைக்குட்டி ஒன்று வீட்டுக்கு வந்தவுடன் எல்லோரும் கேட்பது, அதற்கு என்ன கொடுக்கலாம் என்பதைத்தான். உண்மையில் அது நான்காவதாகக் கேட்கவேண்டிய கேள்வி. கோப்பையை எங்கே வைப்பது, பூனை கழிப்பதற்கான மண்பெட்டியை எங்கே வைப்பது, எந்த நேரத்தில் சாப்பாடு கொடுப்பது என்ற மூன்றும் அதற்கு முன்னரே தீர்ந்திருக்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்குக் கதவைப் பிறாண்டுவது, வைத்த சாப்பாட்டை மணந்துவிட்டு நடந்து போவது, அணிலைக் கவ்விவந்து படுக்கையில் போடுவது என நாங்கள் பூனையின் குணமாகச் சொல்லும் பலவற்றில், எங்கள் கை எந்த நேரத்தில் எதை நீட்டியது என்பதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே கீழேயுள்ள படிகளை அவற்றின் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. பூனை வருமுன் ஆயத்தமாக இருக்கவேண்டியவை

அகலமான, ஆழம் குறைந்த பீங்கான் அல்லது எவர்சில்வர்க் கோப்பைகள் இரண்டு வேண்டும். ஆழமான கிண்ணத்தில் மீசை இரு பக்கமும் உரசுவதைப் பல பூனைகள் விரும்புவதில்லை. அவை சாப்பாட்டைக் காலால் வெளியே இழுத்துத் தரையில் வைத்துத் தின்னும். பிளாஸ்ரிக் கோப்பையில் விழும் கீறல்களில் எண்ணெய்ப் பிடிப்பும் நாற்றமும் தங்கிவிடும் என்பதால் அதைத் தவிர்க்கவேண்டும்.

மண்பெட்டிக்குக் கடையில் வாங்கிய பொருள்தான் வேண்டும் என்றில்லை. பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமான பிளாஸ்ரிக் பேசினும், அரித்துக் காயவைத்த மணலும் போதும். வீட்டில் ஒரு பூனை என்றால் இரண்டு பெட்டிகள், இரண்டு பூனைகள் என்றால் மூன்று பெட்டிகள் என்பதே கணக்கு.

நகம் கீறுவதற்கு, தும்புக் கயிறு இறுக்கமாகச் சுற்றிய கட்டை ஒன்றும் தேவை. பூனை பின்காலில் எழுந்து முழு உடலையும் நீட்டக்கூடிய உயரம் அதற்கு இருக்கவேண்டும், ஆடவும் கூடாது. அசையும் கட்டையை ஒரு முறை தொட்டுப் பார்த்த பூனை மறுபடியும் கதிரைக்கே போகும்.

கடைசியாக, அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தையும், இரவில் அழைக்கக்கூடிய மிருக வைத்தியர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தையும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் வந்தபின் தேடினால் நேரம் போய்விடும்.

2. கோப்பைக்கும் மண்பெட்டிக்கும் இடம்

சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் கழிப்பதைப் பூனை விரும்பாது. இரண்டையும் ஒரே மூலையில் வைத்தால், அது மண்பெட்டியை விட்டுவிட்டு வேறிடம் தேடும். குசினியின் அமைதியான ஓரம் கோப்பைக்கு ஏற்றது. மண்பெட்டியை ஆள் நடமாட்டம் குறைந்த, ஆனால் பூனை இரவிலும் போய்வரக்கூடிய இடத்தில் வைக்கவேண்டும். தண்ணீர் மோட்டருக்குப் பக்கத்தில் வைத்தால், ஒரு முறை மோட்டர் திடீரென ஓடியதே அந்தப் பெட்டியைப் பூனை கைவிடுவதற்குப் போதும்.

எங்கள் பகுதியில் கோப்பையை முற்றத்தில் வைத்தால் காகமும், விறாந்தையில் வைத்தால் அயல் வீட்டுக் கடுவனும் (ஆண் பூனை) வரும். வீட்டுக்குள் வைத்தாலோ எறும்பு வரும். ஓர் அகன்ற தட்டில் விரலளவு தண்ணீர் ஊற்றி, அதன் நடுவே சாப்பாட்டுக் கோப்பையை வைப்பது இதற்கு எளிய வழி. எறும்பு மருந்தைக் கோப்பையைச் சுற்றித் தூவுவது ஆபத்து. பூனை காலை நக்கும்போது அந்த மருந்து வயிற்றுக்குள் போகும்.

வெளியே போய்க் கழித்துப் பழகிய பூனைக்கும் ஐப்பசி முதல் மார்கழி வரை வீட்டுக்குள் மண்பெட்டி வேண்டும். அந்த மாதங்களில் வளவு முழுவதும் ஈரமாகிவிடுவதால், மண்ணைக் கிளறிப் பார்த்த பூனை திரும்பி வந்து துணிக் குவியலிலோ அரிசி மூட்டையிலோ காரியத்தை முடிக்கும். மழை தொடங்கியபின் அடிப்பதிலும் ஏசுவதிலும் பயனில்லை. புரட்டாசியிலேயே பெட்டியை வைத்துப் பழக்கியிருக்க வேண்டும்.

பெட்டியைத் தினமும் அள்ளிச் சுத்தம் செய்வதற்கு மணம் மட்டுமே காரணம் அல்ல. பூனையின் மலத்தில் வரக்கூடிய டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, வெளியே வந்து 1 முதல் 5 நாட்களுக்குப் பின்னரே தொற்றும் நிலைக்கு வரும். கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறொருவரிடம் விடவேண்டும். பெட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும். பினைல் பூனைக்கு நஞ்சு; அதன் ஈரல் அந்த வகைப் பொருட்களைச் சரிவரச் சிதைக்காது.

3. தண்ணீர்

வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப் பூனை. அதனால் பூனைக்குத் தாக உணர்வு குறைவு. தனக்கு வேண்டிய தண்ணீரின் பெரும்பகுதியை அது இரையிலிருந்தே எடுக்கப் பழகியது. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு, சாப்பாட்டிலுள்ளதையும் சேர்த்து, நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 மில்லிலீற்றர் தண்ணீர் வேண்டும். அவித்த மீனில் முக்கால் பங்குக்குக் கிட்டத் தண்ணீர் இருக்கிறது, பைக்கற்றில் வரும் உலர் உணவில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் உலர் உணவை மட்டும் கொடுத்து, தண்ணீரையும் கவனிக்காமல் விட்டால், முக்கியமாகக் கடுவன் பூனைகளுக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

தண்ணீர்க் கோப்பையைச் சாப்பாட்டிலிருந்து சில அடிகள் தள்ளி வையுங்கள். பல பூனைகள் சாப்பாட்டுக்கு ஒட்டியிருக்கும் தண்ணீரைத் தொடாமல் கிணற்றடி வாளியைத் தேடிப் போகும். வாளித் தண்ணீர் நல்லதாக இருந்தால் அதில் குற்றமில்லை, சவர்க்கார நுரை கலந்திருந்தால்தான் தீங்கு. குடிக்கும்போது உங்களுக்கே உவர்ப்பாகத் தெரியும் கிணற்று நீரைப் பூனைக்கும் வைக்கவேண்டாம். கிணற்றுக் கட்டில் ஏறி இருப்பது பூனைக்கு விருப்பமான பழக்கம் என்பதால், குட்டி வருமுன் கிணற்றுக்கு வலை போடுங்கள்.

4. முதற் கிழமை: நேரத்தை மட்டும் பழக்குங்கள்

இந்தக் கிழமையில் சாப்பாட்டை மாற்றக் கூடாது. குட்டி முன்பிருந்த இடத்தில் எதைத் தின்றதோ, அது திறமான சாப்பாடாக இல்லாவிட்டாலும், அதையே கொடுங்கள். புதிய வீடு, புதிய மணம், புதிய ஆட்கள் என்று எல்லாம் மாறியிருக்கும்போது சாப்பாட்டையும் மாற்றினால், வயிற்றோட்டம் வந்தால் அது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு மாதக் குட்டிக்கு நாளொன்றுக்கு நாலு வேளை, ஆறு மாதம்வரை மூன்று வேளை, அதன் பின் இரண்டு வேளையோ மூன்று வேளையோ போதும். நாள் முழுவதும் கோப்பை நிரம்பியிருக்க விடுவதைத் தவிருங்கள். பூனை எவ்வளவு தின்றது என்பதும், எப்போது தின்னாமல் விட்டது என்பதும் அப்போது தெரியாமற் போகும். நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் அந்த இரண்டில்தான் இருக்கும். எங்கள் வெக்கையில் அவித்த மீன் ஒரு மணித்தியாலத்துக்குள் பழுதாகத் தொடங்கும் என்பது இன்னொரு காரணம். அரை மணித்தியாலத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

காலைச் சாப்பாட்டை நீங்கள் கண் விழித்தவுடன் வைக்காதீர்கள். எழுந்து, முகம் கழுவி, தேநீர் போட்டு முடித்தபின் வையுங்கள். இந்தச் சிறு இடைவெளியின் பயன் பத்தாம் பிரிவில் விளங்கும்.

5. எதைக் கொடுப்பது

பூனை முழுமையான ஊனுண்ணி. இதயத்துக்கும் கண்ணுக்கும் வேண்டிய டோரின் என்ற சத்தைத் தன் உடலில் போதியளவு அதனால் ஆக்கமுடியாது, விலங்குணவிலிருந்தே பெறவேண்டும். டோரின் நெடுநாள் குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசையும் தளரும். சோற்றையும் மீன்குழம்பையும் குழைத்து வைக்கும் வழக்கத்தில் பூனை உயிரோடு இருப்பதற்குக் காரணம், அது வெளியே பிடித்துத் தின்னும் எலியும் பல்லியும்தான். கதவு பூட்டிய வீட்டில் வளரும் பூனைக்கு அந்த ஈடு கிடைக்காது.

ஆகவே தினசரி உணவில் பாதியையாவது, முழுமையானதும் சமநிலையானதும் என்று பைக்கற்றில் எழுதப்பட்ட பூனை உணவாகக் கொடுங்கள். இடையில் கொறிக்கக் கொடுப்பதற்கான பைக்கற்றுகளும் அதே தட்டில்தான் அடுக்கப்பட்டிருக்கும், அவை வேளைச் சாப்பாடு அல்ல. குட்டிகளுக்கு, ஒரு வயதுவரை, குட்டிக்கென்று செய்த உணவே அடிப்படையாக இருக்கவேண்டும். தசை இறைச்சியிலும் மீன் சதையிலும் கல்சியம் மிகக் குறைவு. அவற்றை மட்டும் தின்று வளரும் குட்டியின் எலும்பு மென்மையாகி, சிறிய உயரத்திலிருந்து குதித்தாலே முறியும்.

மற்றப் பாதியை வீட்டில் சமைக்கலாம். கோழியில் நெஞ்சிறைச்சியைவிடக் கால் இறைச்சியிலும், அதைவிட இதயத்திலும் டோரின் கூடுதலாக உண்டு. ஈரலைக் கிழமைக்கு ஒரு முறை, பெருவிரல் நுனியளவு துண்டாகக் கொடுத்தால் போதும். அதையே தினமும் கொடுத்தால் உயிர்ச்சத்து ஏ உடலில் சேர்ந்து கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று இறுகிவிடும். அவித்த முட்டையும் நல்லது. சோறு சேர்ப்பதென்றால், வீட்டில் சமைத்ததில் கால் பங்குக்கு மேற்படாமல் சேர்க்கலாம்.

பழைய உணவிலிருந்து புதியதற்கு 7 முதல் 10 நாட்களில், நாளுக்கு நாள் பங்கைக் கூட்டி மாற்றவேண்டும். பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்பது நாய்க்குப் பொருந்தினாலும் பூனைக்குப் பொருந்தாது. இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாத பூனைக்கு, அதிலும் கொழுத்த பூனைக்கு, உடற்கொழுப்பு ஈரலில் படிந்து உயிராபத்து வரும்.

6. மீன் சமைக்கும் முறை

மீன் வியாபாரியின் கோர்ண் ஒழுங்கை முனையில் கேட்டவுடன், எங்கே படுத்திருந்தாலும் எழுந்து படலையடிக்கு ஓடும் பூனையை யாழ்ப்பாணத்தில் பார்க்காதவர்கள் இல்லை. அங்கே அதற்குக் கிடைப்பது பச்சை மீன் தலையும் குடலும். சில மீன்களின் பச்சைச் சதையிலும் குடலிலும் உயிர்ச்சத்து பி1ஐ அழிக்கும் தயமினேஸ் என்ற நொதியம் இருக்கிறது. தொடர்ந்து பச்சை மீன் தின்ற பூனை தலையைக் கீழே தொங்கவிட்டுத் தள்ளாடி நடப்பது அதனாலாக இருக்கலாம். அவித்தால் இந்த நொதியம் கெட்டுவிடும். கோர்ண் கேட்கும் நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்னரே வீட்டில் சாப்பாடு வைத்துவிடுவது படலை ஓட்டத்தைக் குறைக்கும்.

உப்பு, மிளகாய், புளி எதுவும் இல்லாமல், மீன் மூழ்கும் அளவு தண்ணீரில் அவியுங்கள். அந்தத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். டோரின் நீரில் கரைவதால் அதில் ஒரு பகுதி அங்கேதான் இருக்கும். அதையும் சேர்த்துக் குழைத்தால் பூனைக்கு வேண்டிய தண்ணீரும் உள்ளே போகும். நெத்தலி, சூடை போன்ற சிறு மீன்களைப் பிறசர் குக்கரில், முள்ளை இரு விரலால் நசித்தால் மாவாகும்வரை அவித்தால், முள்ளோடு கொடுக்கலாம். அது கல்சியத்துக்கு நல்லது. பாரை, விளைமீன் போன்றவற்றின் முள்ளை முழுவதும் எடுக்கவேண்டும். சமைத்த கோழி எலும்பு கூராகப் பிளக்கும் என்பதால் அதைக் கொடுக்கவே கூடாது.

மீனைக் கிழமைக்கு இரண்டு மூன்று நாளோடு நிறுத்தி, மற்ற நாட்களில் கோழி கொடுங்கள். எண்ணெய்ப் பிடிப்பான மீனையே நெடுநாள் தின்ற பூனைக்கு உயிர்ச்சத்து ஈ குறைந்து, தோலுக்குக் கீழுள்ள கொழுப்பு அழன்று, தொட்டாலே வலிக்கும். மீன் மட்டும் தின்னப் பழகிய பூனை பிறகு வேறெதையும் ஏற்காது என்பதும் எங்கள் பக்கத்தில் அடிக்கடி காணும் தொல்லை.

குளிர்சாதனப்பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காமல், சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்து இளஞ்சூடாக்குங்கள். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அது சாப்பாட்டைப் பெரிதும் மணத்தால் தெரிவு செய்கிறது. குளிர்ந்த மீனில் மணம் எழாது.

7. ஒருபோதும் வைக்கக்கூடாதவை

முதலில் நிற்பது வெங்காயமும் உள்ளியும். எங்கள் கறி, சொதி, சம்பல் எதிலும் இவை இரண்டில் ஒன்றாவது இருக்கும். இவை பூனையின் சிவப்பு இரத்த அணுக்களைச் சிதைக்கும், சமைப்பதால் அந்த நஞ்சு போகாது. கறியிலுள்ள மீனைத் தண்ணீரில் கழுவிக் கொடுப்பதும் பாதுகாப்பில்லை, ஏனெனில் சாறு சதைக்குள் ஊறியிருக்கும். சமையல் தொடங்கும்போதே பூனைக்குரிய துண்டை எடுத்துத் தனியே அவிக்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

பால் பற்றிய நம்பிக்கையை விட முதியவர்களுக்குக் கடினமாக இருக்கும், ஆனாலும் சொல்லவேண்டும்: வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலிலுள்ள லக்ரோஸ் செரிக்காது, வயிற்றோட்டம் வரும். கருவாடும் ரின் மீனும் உப்பு மிகுந்தவை. முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை), சொக்லேற், கோப்பி ஆகியவையும் நஞ்சு. மீனவர்கள் கழித்து எறியும் பேத்தை மீன் பூனையை விரைவில் கொல்லும்.

காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் (பரசிற்றமோல்) கொடுப்பது மிகப் பெரிய பிழை. ஒரு குளிசையே பூனையின் உயிரை எடுக்கப் போதுமானது. அதேபோல, நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடக்கூடாது.

8. அளவு

நடுத்தர உடலுள்ள, 4 கிலோ எடையான வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்கு 200 முதல் 250 கிலோகலோரி வேண்டும். உலர் உணவு மட்டும் என்றால் அது 50 முதல் 60 கிராம். பாதிப் பாதியாகக் கொடுப்பவர்கள் 30 கிராம் உலர் உணவும், 60 முதல் 80 கிராம் அவித்த கோழியோ மீனோ என்று தொடங்கலாம். கைப்பிடியால் அளக்காமல் முதல் மாதம் தராசில் நிறுங்கள்.

பிறகு பூனையின் விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு கைக்குத் தெரியவேண்டும், கண்ணுக்குத் துருத்தக்கூடாது. கருத்தடை செய்தபின் தேவை ஏறக்குறைய கால் பங்கு குறையும், ஆனால் பசி குறையாது.

9. மச்சம் (மீன், இறைச்சி) சமைக்காத நாட்கள்

வெள்ளிக்கிழமைகளிலும், கந்தசஷ்டி ஆறு நாட்களிலும், கேதாரகௌரி விரதத்திலும், நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் பல வீடுகளில் மச்சம் புழங்குவதில்லை. அந்த நாட்களில் சோறும் பருப்பும் பாலும் வைத்துவிட்டு, பூனை எதையும் தின்னாமல் அயல்வீட்டுக்குப் போகிறது என்று வருந்துபவர்கள் உண்டு. விரதம் எங்களுடையது, பூனைக்கு அது இயலாது.

இதற்கான ஆயத்தம் கொடியேறுவதற்குப் பத்து நாட்களுக்கு முன் தொடங்கவேண்டும். மீனைச் சிறிது சிறிதாகக் குறைத்து உலர் உணவைக் கூட்டினால், திருவிழா தொடங்கும்போது பூனை அதை மட்டுமே தின்னப் பழகியிருக்கும். குசினியில் அடுப்பேற்ற வேண்டியதில்லை. பைக்கற்றையும் பூனையின் கோப்பையையும் பின் விறாந்தையில் வைத்து, கழுவுவதற்கும் தனி வாளி வைத்துக்கொண்டால் வீட்டின் ஆசாரமும் கெடாது. உலர் உணவு மட்டுமான இந்த நாட்களில் தண்ணீர்க் கோப்பை ஒன்றைக் கூடுதலாக வையுங்கள். சைவ உணவே புழங்கும் வீடுகள் ஆண்டு முழுவதும் இந்த முறையையே பின்பற்றலாம்.

10. பழக்கங்களும் அவற்றைக் கையாளும் முறையும்

விடியற்புறக் கத்தல். பூனை விடியும் வேளையிலும் மாலை மங்கும் வேளையிலும் சுறுசுறுப்பாகும் விலங்கு. அது நாலு மணிக்கு எழும்புவது இயல்பு, உங்களை எழுப்புவது கற்றது. ஒரு வீட்டில் பேரப்பிள்ளைகள் நித்திரை குழம்பக்கூடாது என்று அம்மம்மா எழுந்து ஒரு துண்டு மீன் போட்டார். அதன் பின் பூனை சரியாக அவருடைய அறைக் கதவையே பிறாண்டியது. இதை மாற்றுவதற்கு, இரவு படுக்கப்போகுமுன் பத்து நிமிடம் நூலில் கட்டிய துணியைத் துரத்தி விளையாட விட்டு, உடனே கடைசி வேளைச் சாப்பாட்டை வையுங்கள். துரத்தி, பிடித்து, தின்று, உடம்பை நக்கி, உறங்குவது பூனையின் இயற்கை வரிசை. காலையில் சாப்பாடு தேநீருக்குப் பின்னரே வரும் என்பதும் பழகிவிட்டால், உங்களை எழுப்புவதில் அதற்குப் பயன் இல்லாமற் போகும். சில நாட்கள் கத்தல் முன்னரிலும் கூடும். அந்த நாட்களில் வீட்டில் ஒருவராவது இரங்கி எழுந்தால், நெடுநேரம் கத்தவேண்டும் என்பதைத்தான் பூனை கற்கும்.

கோப்பையைச் சுற்றித் தரையைப் பிறாண்டுதல். முன்காலால் சீமெந்துத் தரையை இழுத்து இழுத்து, இல்லாத மண்ணால் கோப்பையை மூடப் பார்க்கும். சாப்பாடு பிடிக்கவில்லை என்று பலர் உடனே வேறொன்றைக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அது மிச்சத்தை ஒளித்துவைக்கும் இயல்புதான். அளவைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

இரையைக் கொண்டுவருதல். அணில், ஓணான், எலி என்று எது வந்தாலும் ஏசாதீர்கள். பூனை பாதுகாப்பான இடத்துக்கு இரையைக் கொண்டுவருகிறது, அவ்வளவே. இங்கிலாந்தின் எக்ஸெற்றர் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்த வீடுகளில் பூனை கொண்டுவந்த இரை 36 சதவீதமும், தினமும் 5 முதல் 10 நிமிடம் விளையாடிய வீடுகளில் 25 சதவீதமும் குறைந்தது. இங்கே இன்னொரு கவலையும் உண்டு: நஞ்சு தின்ற எலியைப் பூனை தின்றால் அந்த நஞ்சு பூனைக்கும் ஏறும். பூனை உள்ள வீட்டில் எலி மருந்து வைக்கவேண்டாம், அயலவரிடமும் சொல்லி வையுங்கள்.

கதிரையைக் கீறுதல். நகத்தின் பழைய உறையைக் கழற்றவும், தன் மணத்தை விடவும் பூனை கீறுகிறது. உறங்கி எழுந்தவுடன் கீறும் என்பதால், கயிறு சுற்றிய கட்டை அது படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். வளவில் தானாக முளைக்கும் குப்பைமேனியின் வேரைக் கழுவி அந்தக் கட்டையில் தேய்த்தால், பல பூனைகள் அதன் மணத்தில் மயங்கி அங்கேயே உருளும்.

தடவும்போது கடித்தல். இது திடீரென வருவதில்லை. வால் நுனி துடிக்கும், முதுகுத் தோல் அலைபோல் நடுங்கும், காது பின்னே சாயும். மூன்றில் ஒன்றைக் கண்டவுடன் கையை எடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது இதுதான்.

சுவரில் சிறுநீர் பீச்சுதல். கருத்தடை செய்யாத கடுவன் வாலை நிமிர்த்தி நடுக்கியபடி பின்புறமாகப் பீச்சுவது எல்லை குறிப்பதற்காக. சத்திரசிகிச்சைக்குப் பின் பெரும்பாலான கடுவன்களில் இது நின்றுவிடும் அல்லது மிகக் குறையும். பெட்டைப் பூனை நாலு மாதத்திலேயே சினைப்படக்கூடும். ஆகவே இரண்டுக்கும் ஐந்து மாதமளவில் வைத்தியரிடம் நாள் கேளுங்கள்.

மடியில் ஏறி முன்காலால் மாறி மாறி அமுக்குவது குட்டியில் பால் குடித்த பழக்கத்தின் மிச்சம். அதில் திருத்த ஒன்றுமில்லை, மடியில் தடித்த துணி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குப் பக்கத்தில் சுருண்டு படுக்கும் பழக்கத்தை மட்டும் அப்படி விடமுடியாது. ஸ்ரார்ட் செய்யுமுன் குனிந்து பாருங்கள்.

11. வைத்தியரிடம் உடனே போகவேண்டிய நிலைகள்

கடுவன் பூனை மண்பெட்டியில் திரும்பத் திரும்பக் குந்தி முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், விடியும்வரை காத்திருக்காதீர்கள். பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் பருக்குகிறார்கள். சிறுநீர்க் குழாய் முழுவதும் அடைபட்ட பூனை ஓரிரு நாட்களுக்குள் இறந்துவிடும்.

வளர்ந்த பூனை 24 மணித்தியாலம் ஒன்றும் தின்னாவிட்டால், குட்டி அரை நாள் தின்னாவிட்டால், ஈறு வெளிறியிருந்தால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அன்றே கொண்டுபோகவேண்டும். தொண்டைக்குள் மெல்ல உறுமிக்கொண்டிருப்பதால் பூனை சுகமாக இருக்கிறது என்று எண்ணவேண்டாம். வலியிலும் அது உறுமும். என்ன தின்றது, கடைசியாக எப்போது தின்றது, எப்போது சிறுநீர் கழித்தது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் வைத்தியரின் வேலை பாதி குறையும்.

தடுப்பூசிகளில், பூனைகளுக்கான கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கும். விசர்நோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் போடப்பட்டு, பின்னர் வைத்தியர் சொல்லும் கால இடைவெளியில் தொடரவேண்டும். எந்தப் பூனை கடித்தாலும், இரத்தம் வரக் கீறினாலும், அது வீட்டுப் பூனையாக இருந்தாலும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூனையின் தடுப்பூசி அட்டையையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.